கோவை பஸ்ஸில் மாம்பலம் டிக்கெட்!

2004-ல் நடந்தது. கோவையில் ஒரு மில் ஆபீஸ். எதிரே நாலு பெரிய மனிதர்கள். மேஜை மேல் என் லேப்டாப். முதல் நாள் சாயங்காலம்வரை சென்னையில் சமர்த்தாக இன்டர்நெட்டில் மேய்ந்துகொண்டிருந்த பயல், இங்கே வந்ததும் ‘நீ யாரோ, நான் யாரோ’ என்று முறைக்கிறான். ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். ரீஸ்டார்ட் பண்ணினேன். குலதெய்வத்தையும் கும்பிட்டாச்சு. ம்ஹூம்! “நீங்க பாருங்க தம்பி, காபி சாப்பிட்டுட்டு வர்றோம்” என்று எழுந்து போனவர்கள் திரும்பி வரவே இல்லை. அந்த ஆர்டரும்தான்!

வில்லன் யார் தெரியுமோ? ஐ.பி. அட்ரஸ். எங்கள் ஆபீஸில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நிரந்தர நம்பரைக் கையால் அடித்து வைத்திருந்தார்கள். அதே நம்பரோடு இன்னோர் ஊர் நெட்வொர்க்கில் நுழைவது, கோவை டவுன் பஸ்ஸில் ஏறி “மாம்பலம் ஒண்ணு குடுங்க” என்று கேட்கிற மாதிரி. கண்டக்டர் என்ன செய்வார், பாவம்!

நெட்வொர்க்கே நம்பர் கொடுத்துவிடும் டி.ஹெச்.சி.பி. ஏற்பாடு 1993-லேயே வந்தாச்சு. ஆனால், பல ஆபீஸ்களுக்குப் பழைய முறையில்தான் திருப்தி. போதாக்குறைக்கு பிராக்ஸி! ஆபீஸ் பிராக்ஸியை பிரௌஸரில் எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், இல்லாத வாட்ச்மேனைத் தேடி அது வாசலிலேயே நிற்கும்.

இந்த அவஸ்தைக்கென்றே ஐ.பி.எம்., தன் திங்க்பேட் லேப்டாப்களில் ‘ஆக்ஸஸ் கனெக்‌ஷன்ஸ்’ என்று ஒரு சாஃப்ட்வேர் வைத்திருந்தது. ஆபீஸ், வீடு, ஓட்டல்... இடத்துக்கு ஒரு ஜாதகம் எழுதி வைத்துவிட வேண்டியது. போன இடத்தில் ஒரு க்ளிக். ஐ.பி., பிராக்ஸி, பிரிண்டர்கூட மாறிவிடும். 2005-ல் ஐ.பி.எம்-மின் பி.சி. பிசினஸை லெனோவோ வாங்கியபோது இதுவும் சீதனமாகப் போய்ச் சேர்ந்தது. லினக்ஸ்காரர்களுக்கு ‘நெட்வொர்க்மேனேஜர்’, ரெட் ஹேட் 2004-ல் ஆரம்பித்து வைத்தது.

வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்... என்னிடம் இருந்த விண்டோஸ் எக்ஸ்.பி-யிலேயே ‘ஆல்டர்னேட் கான்ஃபிகரேஷன்’ என்று ஒரு டேப் உண்டு. ‘நெட்வொர்க் நம்பர் கொடுத்தால் வாங்கிக்கொள், கொடுக்காவிட்டால் இந்த நிரந்தர நம்பரைப் போட்டுக்கொள்’ என்று அதில் ஒருதரம் சொல்லிவைத்தால் போதும். அது இருப்பதையே ஆறு மாசம் கழித்துத்தான் பார்த்தேன்!

இன்றைய விண்டோஸ் 11, ஒவ்வொரு வைஃபைக்கும் ஐ.பி-யைத் தனித்தனியே ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆனால், கையால் போட்ட பிராக்ஸி எல்லா வைஃபைக்கும் ஒன்றேதான். வீட்டுக்குப் போனதும் நாம்தான் அணைக்கணும். காபி கடையில் உட்கார்ந்தால் ‘பப்ளிக்’ என்றே வையுங்கள். ‘பிரைவேட்’ என்பது வீட்டுக்கு. இன்னொன்று: ‘ஆட்டோமேட்டிக்’ டிக்கை அங்கே எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்ட் இல்லாத வைஃபை என்றால், அதே பெயரில் எவனாவது போலிக் கடை விரித்தாலும் உங்கள் லேப்டாப் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும்.

போன மாசம் மறுபடி கோவை. வேறு ஆபீஸ், வேறு பெரிய மனிதர்கள். லேப்டாப் மூணே செகண்டில் கனெக்ட் ஆகிவிட்டது.

புரொஜக்டர்தான் வேலை செய்யலை!