மயிலாப்பூர்க் கரையின் கணக்கு

1522 முதல் 1947 வரையான 425 ஆண்டுகளில் சாந்தோம் கடற்கரை ஐந்து ஆட்சிக் கட்டங்களைக் கண்டது. போர்த்துக்கீசியர் செல்வாக்கில் 140 ஆண்டு, கோல்கொண்டாவிடம் 10 ஆண்டு, பிரெஞ்சுக்காரர்களிடம் 2 ஆண்டுக்குச் சற்று மேல், பிறகு கோல்கொண்டா, மொகலாயர், ஆர்க்காடு நவாப் என மேலாட்சி மாறிக்கொண்டே இருந்த 75 ஆண்டு, இறுதியாக ஆங்கிலேயரிடம் 198 ஆண்டு. விழுக்காட்டில் முறையே 32.9, 2.4, 0.5, 17.6, 46.6. மூன்றில் ஒரு பங்கு காலமே போர்த்துக்கீசியருடையது. ஆனாலும் ஊரின் பெயரும், தேவாலயங்களின் இருப்பிடமும், மறைமாவட்டத்தின் தொடக்கமும் அந்த 32.9 விழுக்காட்டிலிருந்தே வந்தவை.

தொடக்க ஆண்டைக் குறிப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. லஸ் தேவாலயக் கல்வெட்டு 1516 என்கிறது. அர்மீனிய வணிகர்கள் வழிகாட்ட, போர்த்துக்கீசியர் புனித தோமையார் கல்லறையை முதன்முதலில் வந்து பார்த்தது 1517இல். கல்லறையைச் சீரமைத்துக் குடியேறத் தொடங்கியது 1522–23இல். அதாவது, முதல் வருகைக்கு ஓராண்டு முன்பே ஒரு தேவாலயம் எழுந்துவிட்டதாகக் கல் சொல்கிறது. கல்வெட்டு பிற்காலத்தில் பொறிக்கப்பட்டிருக்கலாம் என்ற விளக்கமே பொருத்தமாகத் தெரிகிறது. இக்கட்டுரை 1522ஐத் தொடக்கமாகக் கொள்கிறது.

ஊர் அதைவிடப் பழையது. திருஞானசம்பந்தர் மயிலையைப் பாடியது 7ஆம் நூற்றாண்டில். போர்த்துக்கீசியர் வருகைக்கு ஏறத்தாழ 850 ஆண்டு முன்பு. 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் பாடலில் கோயில் கடலோரத்தில் இருக்கிறது. இன்றைய கபாலீசுவரர் கோயில் கரையிலிருந்து சுமார் 1 கி.மீ. உள்ளே இருக்கிறது. சாந்தோம் தேவாலய வளாகத்தில் சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்துள்ளன. கோயில் கரையிலிருந்து இடம் மாறியது என்ற பரவலான கருத்துக்கு இம்மூன்றும் துணை நிற்கின்றன. மாறிய ஆண்டைச் சொல்ல இவை போதா.

1545இல் பிரான்சிஸ் சேவியர் இங்கு வந்து சுமார் 4 மாதம் தங்கினார். அப்போது ஊரில் இருந்த போர்த்துக்கீசியக் குடும்பங்கள் ஏறத்தாழ 100. முதல் குடியேற்றத்துக்குப் பிந்தைய 23 ஆண்டில் சேர்ந்தவை இவை. சராசரியாக ஆண்டுக்கு 4 குடும்பம் கூடியிருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் அரசுப் படையினர் அல்லர். உள்ளூரில் மணம் முடித்து, துணி வணிகத்தில் இறங்கியவர்கள். சோழமண்டலத் துணியை மலாக்காவுக்கும் பர்மாவின் பெகுவுக்கும் அனுப்புவதே பிழைப்பு. நிலவரி தரும் கிராமங்கள் இவர்களிடம் இல்லை. ஊரின் வரவு முழுவதும் கடல் வழியாகவே வந்தது என்பதைப் பின்வரும் ஒவ்வொரு எண்ணோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிர்வாகத்தின் தலைமை கோவாவில் இருந்தது. மயிலாப்பூரிலிருந்து கோவா நேர்கோட்டில் சுமார் 740 கி.மீ.; கப்பலில் போனால் குமரிமுனையைச் சுற்ற வேண்டும். கேப்டன் பதவியின் வழக்கமான காலம் 3 ஆண்டு, அதாவது 36 மாதம். லிஸ்பனிலிருந்து கோவாவுக்குக் கப்பல் வர சுமார் 6 மாதம் பிடிக்கும். பருவக்காற்றுக்குக் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்தால், ஒரு கடிதத்துக்குப் பதில் வர 18 மாதம் ஆகும். ஒரு கேப்டன் பதவியேற்ற அன்றே மன்னருக்கு ஒரு கேள்வி அனுப்பினால், பதில் வரும்போது அவரது பதவிக்காலத்தில் 50 விழுக்காடு முடிந்திருக்கும். அன்றாட விவகாரங்களை உள்ளூர் வணிகர்களும், நகரவையும், அறச்சபையும், பாதிரியார்களும் பார்த்துக்கொண்டதற்கு இந்த எண்ணே போதுமான காரணம்.

நிலத்தின் மேலாட்சியோ விஜயநகரத்துடையது. 1558இல் ராமராயர் படையோடு வந்து ஊரைச் சூழ்ந்தார். கேட்ட தொகை 1,00,000 பர்தாவ் நாணயம். பாதியை உடனே செலுத்த வேண்டும். மீதிக்கு முக்கியஸ்தர்கள் சிலர் பிணை. 1545இன் 100 குடும்பக் கணக்கை அப்படியே 1558க்கும் வைத்தால், ஒரு குடும்பத்தின் பங்கு 1,000 பர்தாவ். இடைப்பட்ட 13 ஆண்டில் குடும்பங்கள் இரட்டிப்பாகியிருந்தாலும் பங்கு 500. அந்தத் தொகையின் கனத்தை அறிய இன்னொரு எண் உதவும். ஆங்கிலேயர் 1672இல் சென்னப்பட்டினத்துக்காகக் கோல்கொண்டாவுக்குச் செலுத்த ஒப்புக்கொண்ட நிலையான ஆண்டு வாடகை 1,200 வராகன். பொன் பர்தாவும் வராகனும் ஏறத்தாழ ஒரே மதிப்பு என்று கொண்டால், 1558இல் கேட்கப்பட்ட தொகை 83 ஆண்டு வாடகைக்குச் சமம். உடனே கேட்கப்பட்ட பாதி மட்டும் 41 ஆண்டு வாடகைக்கு மேல். இரண்டு தொகைகளுக்கும் இடையே 114 ஆண்டு இருப்பதால் இந்த ஒப்பீட்டைத் துல்லியமானதாகக் கொள்ளக் கூடாது. ஆயினும் அளவின் வேறுபாடு தெளிவு. ஆங்கிலேயரின் கடன் எழுத்தில் இருந்த ஆண்டு வாடகை. சாந்தோமின் கடன் எந்த ஆண்டு, எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாத கடன்.

1606 ஜனவரி 9 அன்று போப் ஐந்தாம் பவுல் சாந்தோமை மறைமாவட்டமாக அறிவித்தார். எல்லை சோழமண்டலக் கரையிலிருந்து ஒரிசா, வங்காளம் கடந்து பெகு வரை. கடலோரத்தில் சில தெருக்களே கொண்ட ஓர் ஊர், காகிதத்தில் வங்கக் கடலின் மேற்குக் கரை முழுவதற்கும் வடக்குக் கரைக்கும் தலைமையிடமானது. ஆனால் நான்கே ஆண்டில், 1610இல், டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கால் ஊன்றினர். சாந்தோமிலிருந்து அது 60 கி.மீ.க்குள். 1612இல் சாந்தோம் போர்த்துக்கீசியர் அங்கிருந்த டச்சுப் பண்டகசாலையைத் தாக்கினர். விளைவு, 1613இல் அங்கே கெல்திரியா கோட்டை எழுந்தது.

அடுத்து வரும் ஆண்டுகள் இழப்புகளின் வரிசை. 1632இல் ஹூக்ளி, 1641இல் மலாக்கா, 1656இல் கொழும்பு, 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும், 1663இல் கொச்சி. 31 ஆண்டில் 6 இடங்கள். அவற்றில் 5 டச்சுக்காரர்களிடம் போனவை. சாந்தோம் வீழ்ந்தது 1662இல், கோல்கொண்டாவிடம். சாந்தோமின் வீழ்ச்சியை அதன் மதில்களின் வலுவோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பது சரியாகாது என்று நினைக்கிறேன். மலாக்கா போன 1641இலேயே வரவின் பெரிய வழி அடைபட்டுவிட்டது. மிச்சமிருந்த 21 ஆண்டும் முதலைக் கரைத்துச் செலவிட்ட காலம்.

இதற்கிடையே 5 கி.மீ. வடக்கே இன்னொரு கணக்கு தொடங்கியிருந்தது. 1639 ஆகஸ்ட் 22 அன்று தாமர்ல வேங்கடபதி நாயக்கரிடமிருந்து ஆங்கிலேயருக்கு மானியம் கிடைத்தது. அங்கே எழுந்த கோட்டைக்குக் குடிமக்கள் வேண்டும். சாந்தோமின் குடிமக்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். 1673இல் இங்கு வந்த மருத்துவர் ஜான் ஃப்ரையர் தரும் எண்ணிக்கையில் கோட்டையில் ஆங்கிலேயர் சுமார் 300 பேர், போர்த்துக்கீசியர் சுமார் 3,000 பேர். விகிதம் 1:10. சாந்தோம் வீழ்ந்தபோது இவர்கள் இங்கே அடைக்கலம் புகுந்ததாகவும் அவரே குறிக்கிறார். 3,000 பேரில் கலப்பு மணக் குடும்பத்தாரும் அடங்குவர் என்று கொள்ள வேண்டும். சென்னை அதன் முதல் 34 ஆண்டில் மொழியாலும் சமயத்தாலும் ஆங்கில ஊராக இருப்பதற்கு முன்பு போர்த்துக்கீசிய ஊராக இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான எண்ணை நான் பார்த்ததில்லை.

1672 ஜூலை 25 அன்று பிரெஞ்சுத் தளபதி டி லா ஹே சாந்தோமைக் கைப்பற்றினார். 1674 செப்டம்பர் 6 அன்று, டச்சு, கோல்கொண்டா முற்றுகைக்குப் பணிந்து வெளியேறினார். 25 மாதமும் 12 நாளும். மயிலாப்பூர்க் கரையில் காலூன்ற முடியாத பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு நகர்ந்தனர். அங்கே அவர்களின் ஆட்சி, சில இடைவெளிகளோடு, 1954 வரை நீடித்தது.

1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது ஒரு மேயர், 12 ஆல்டர்மேன், 60 பர்ஜெஸ், ஆக 73 இடங்கள். ஆல்டர்மேன்களில் போர்த்துக்கீசியரும் இந்துக்களும் இருந்தனர். அதிகார எல்லை கோட்டையிலிருந்து 10 மைல், சுமார் 16 கி.மீ. 5 கி.மீ. தொலைவிலுள்ள சாந்தோம் அந்த வட்டத்துக்குள் வரும். அங்கே ஆங்கிலேயருக்கு ஆட்சியுரிமை இல்லாததால் சேர்க்க முடியவில்லை. சேர்த்தது 1749இல், 61 ஆண்டு கழித்து.

மறைமாவட்டத்தின் ஆயுள் தனிக் கணக்கு. 1606 முதல், சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் உருவான 1952 நவம்பர் 13 வரை 346 ஆண்டு. ஊரின் போர்த்துக்கீசிய ஆட்சிக்காலத்தைப்போல் சுமார் 2.5 மடங்கு. இந்த 346இல் 203 ஆண்டு, அதாவது 58.7 விழுக்காடு, ஆங்கிலேயர் ஊரை எடுத்துக்கொண்ட 1749க்குப் பிந்தையது. 1838இல் ரோம் போர்த்துக்கீசிய மன்னரின் ஞான அதிகாரத்தை இங்கே நிறுத்திவைத்தது. 1886 ஒப்பந்தம் மீட்டளித்தது. அந்த 48 ஆண்டைக் கழித்தாலும் 298 எஞ்சும். 1886 முதல் 1952 வரை, 66 ஆண்டு, ஒரே நகரில் இரண்டு மறைமாவட்டங்கள் இருந்தன. மயிலாப்பூருக்கு ஆயரை முன்மொழியும் உரிமை லிஸ்பனிடம். 1950 ஜூலை 18 உடன்படிக்கை வரை, விடுதலை பெற்ற இந்தியாவிலும் 2 ஆண்டு 11 மாதம் அந்த உரிமை நீடித்தது. இன்று நாம் காணும் 155 அடிக் கோபுரம் கொண்ட சாந்தோம் பேராலயம் 1896இல் திறக்கப்பட்டது. 1523இன் கட்டடம் அன்று.

கொடையாளர்களும் செலவுக் கணக்கை விட்டுச் சென்றிருக்கிறார்கள். அர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்ட 30,000 வராகன் கொடுத்தார். பராமரிப்புக்குத் தனியே 1,500 வராகன் வைத்தார். கட்டுமானச் செலவில் 5 விழுக்காடு. 1818இல் நிர்ணயிக்கப்பட்ட 1 வராகனுக்கு 3.5 ரூபாய் என்ற விகிதத்தில் பாலத்தின் விலை 1,05,000 ரூபாய். சென்னப்பட்டினத்தின் 25 ஆண்டு வாடகை அது.

மேற்கண்ட எந்தப் பேரேட்டிலும் மீனவர்களுக்கு ஒரு வரி இல்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் எந்த வரவும் கரை சேர்ந்திருக்காது. இந்தக் கரையில் அப்போது துறைமுகம் கிடையாது. ஆணியில்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகள் அலையைக் கடந்து சரக்கை ஏற்றி இறக்கியதை 1560களில் வந்த வெனிஸ் வணிகர் சீசர் ஃப்ரெடரிக் சாந்தோமில் பார்த்து எழுதினார். சென்னையில் முதல் கப்பல் பாலம் 1861இல் வந்தது. 1522இலிருந்து 339 ஆண்டு, ஒவ்வொரு துணிப் பொதியும், ஒவ்வொரு ஆளும், ஆளுநர்கள் உட்பட, அலையைக் கடந்தது கடற்கரைக் குப்பத்தாரின் துடுப்பில். 1606இல் ஆயருக்கு ஓர் எல்லை எழுதப்பட்டது; 1688இல் 73 பேருக்கு இடம் எழுதப்பட்டது. குப்பங்களுக்கு எழுதப்பட்டது எதுவும் இல்லை.

அவர்கள் எண்களில் தோன்றுவது அண்மைக் காலத்தில்தான். தமிழ்நாட்டின் 1,076 கி.மீ. கடற்கரையில் 608 மீனவக் கிராமங்கள்; சராசரியாக 1.77 கி.மீ.க்கு ஒன்று. கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் நோக்கி நடப்பவர் நொச்சிக்குப்பம், டூமிங்குப்பம், முள்ளிக்குப்பம், சீனிவாசபுரம் என்று அந்தச் சராசரியைவிட மிக நெருக்கமாகக் குப்பங்களைக் கடப்பார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தனர். சென்னையில் 206 பேர்.

2023 ஏப்ரலில் இந்தக் குப்பங்களை ஒட்டிய லூப் சாலையோர மீன் கடைகள் போக்குவரத்து நெரிசலுக்காக அகற்றப்பட்டன. மீனவர்கள் படகுகளைச் சாலையில் நிறுத்திப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் மாநகராட்சியின் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. செலவு 14.93 கோடி ரூபாய், கடைகள் 366. ஒரு கடைக்குச் சுமார் 4.08 லட்சம் ரூபாய். விற்பவருக்குக் கூரையும் தண்ணீரும் கிடைத்தது நல்லது; வெயிலிலும் புழுதியிலும் உட்கார்ந்த பெண்களுக்கு அது வெகுகாலம் தாமதமாக வந்தது. ஆனால் 366 என்பது விற்பனையின் எண் மட்டுமே. படகை இழுத்து நிறுத்தும் மணல், வலையைப் பிரித்து உலர்த்தும் இடம், அதிகாலை ஏலம் நடக்கும் கரை ஆகியவற்றின் பரப்பு அந்த 14.93 கோடிக்குள் வராது. கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் மீனவக் கிராமங்களையும் அவர்களின் பொதுநிலங்களையும் குறிக்க வேண்டும் என்று 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை சொன்னது. நொச்சிக்குப்பம் முதல் சீனிவாசபுரம் வரை இந்த மூன்று பயன்பாடுகளுக்கும் தனித்தனியே எத்தனை சதுர மீட்டர் என்று அளந்து, குப்பம் வாரியாக அந்த வரைபடத்தில் எழுத வேண்டும்.