திரையில் ஓட்டை, தலையில் இல்லை

ஸ்கேன் எண்களை முப்பரிமாணப் படமாக்கும் தொழில்நுட்பர்களின் கையில் இருப்பது வெறும் மவுஸ் அல்ல

மும்பை மாட்டுங்காவில் ஒரு ஸ்கேன் மையம். ஏ.சி. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தொழில்நுட்பரின் முன்னால், திரையில் ஒரு சிறு மண்டை ஓடு மெதுவாகச் சுழல்கிறது. தாராவியில் மாடி ஏணியிலிருந்து விழுந்த இரண்டு வயதுக் குழந்தையின் தலை அது. குழந்தை தாயின் மடியில் தூங்குகிறது. கதவருகே நிற்கும் தந்தையின் கண், நெற்றிப்பொட்டுப் பக்கம் தெரியும் இரண்டு கறுப்புப் பள்ளங்களில் நிலைத்து நிற்கிறது.

"தம்பி, அது ஓட்டைதானே?" என்று திருநெல்வேலித் தமிழில் கேட்கிறார்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. இதுல தெரியுற ஓட்டையெல்லாம் ஓட்டை இல்ல. டாக்டர் பாத்துச் சொல்வாங்க."

சொல்லிக்கொண்டே மவுஸை நகர்த்துகிறார். பள்ளங்கள் சுருங்கி மறைகின்றன. தந்தையின் முகத்தில் நிம்மதிக்குப் பதில் சந்தேகம் கூடுகிறது. மவுஸால் மூடக்கூடிய ஓட்டை என்றால், உண்மையான காயத்தையும் அப்படி மூடிவிட முடியுமா?

நியாயமான கேள்வி. முடியும் என்பதே பதில். அதனால்தான் அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்பது முக்கியமாகிறது.

சி.டி. ஸ்கேன் இயந்திரம் எடுப்பது கேமராப் படம் அல்ல, எண்கள். எக்ஸ் கதிர்க் குழாய் உடலைச் சுற்றி வரும்போது, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் ஊடுருவி வெளியே வந்தது என்று அளக்கப்படுகிறது. அந்த அளவுகளிலிருந்து உடலின் குறுக்குவெட்டுகளைக் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. ஒரு வெட்டில் 512-க்கு 512 கட்டங்கள், அதாவது 2,62,144. ஒரு குழந்தையின் தலையை 0.625 மில்லிமீட்டர் இடைவெளியில் 256 வெட்டுகளாக எடுத்தால் சுமார் 6.7 கோடிக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0. காற்றுக்கு மைனஸ் 1000. மூளைக்கு முப்பது, நாற்பது. கெட்டியான எலும்புக்கு ஆயிரத்துக்கு மேல்.

இந்த எண் குவியலிலிருந்து எலும்பை மட்டும் எழுப்பிக் காட்ட வேண்டும். 200-க்கு மேல் உள்ளதெல்லாம் எலும்பு என்று தொழில்நுட்பர் ஓர் எல்லை வைக்கிறார் என்று கொள்வோம். குழந்தையின் எலும்போ காகிதம் போல மெல்லியது. ஒரு கட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் 700 எண்ணுள்ள எலும்பு, மீதி 40 எண்ணுள்ள தசை என்றால், இயந்திரம் இரண்டையும் கலந்து 172 என்று எழுதும். எல்லைக்குக் கீழே போனதால் அந்தக் கட்டம் படத்திலிருந்து விழுந்துவிடும். எலும்பு இருக்கும் இடத்தில் ஓட்டை தெரியும். தந்தை பார்த்தது அதைத்தான்.

எல்லையை இறக்கினால் ஓட்டை மூடும். ஆனால் அளவுக்கு மீறி இறக்கினாலோ, படம் அழகாக இருக்கட்டும் என்று மேற்பரப்பை வழுவழுப்பாக்கினாலோ, தலைமுடி போன்ற உண்மையான கீறலும் சேர்ந்து மறைந்துபோகும். செம்பூரில் பிறந்து வளர்ந்து, இருபது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கும் இவர் (பெயர் வேண்டாம் என்கிறார்) ஒரே எல்லையை நம்புவதில்லை. ஏற்றியும் இறக்கியும் பார்க்கிறார். சந்தேகம் வந்த இடத்தில் முப்பரிமாணப் படத்தை விட்டுவிட்டு மூல வெட்டுகளுக்குத் திரும்புகிறார்.

இந்தக் குழந்தையிடம் அப்படி ஓர் இடம் இருக்கிறது. காதுக்கு மேலே ஒரு மெல்லிய கோடு. குழந்தைகளின் மண்டை எலும்புகளுக்கு நடுவே இயற்கையான இணைப்புக் கோடுகள் உண்டு. அவை பல் பல்லாக வளைந்து, பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இந்தக் கோடோ நேராக ஓடுகிறது. மறு பக்கத்தில் இல்லை. குறுக்குவெட்டுக்கு இணையாகப் படுத்திருப்பதால், வெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது தப்பிவிடக்கூடியது. முப்பரிமாணப் படத்தில் கண்ணில் படுகிறது. இல்லாத ஓட்டையைக் காட்டிய அதே முறைதான் இருக்கும் கீறலையும் காட்டுகிறது. அதற்கெனத் தனி ஸ்கேனோ கூடுதல் கதிரோ தேவைப்படவில்லை. எல்லாம் முன்பே எடுத்த எண்களே.

கோட்டின் மேல் ஓர் அம்புக்குறி இட்டு, படத்தைக் கதிரியக்க மருத்துவருக்கு அனுப்புகிறார். முறிவு என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. தந்தையிடம் அதைச் சொல்லாமல் இருப்பதும் அவர் வேலையில் சேர்ந்தது. வேலையில் கடினமான பகுதியும் அதுவே என்கிறார்.

இந்தக் கணக்கின் வேரில் ஒரு தமிழர் இருக்கிறார் என்பது இத்தொழிலில் இருக்கும் பலருக்கே தெரியாது. முதல் நோயாளியின் மூளையை 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில், ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய இயந்திரம் படம் பிடித்தது. 80-க்கு 80 கட்டங்கள் கொண்ட கரடுமுரடான படம். அதே 1971-இல், எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் ஏ.வி. லட்சுமிநாராயணனும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தை மீட்பது எப்படி என்பதே அதன் பொருள். ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு வடிகட்டி வழியே செலுத்தி, பிறகு வந்த திசையிலேயே திருப்பிப் பூசினால் போதும் என்று காட்டினார்கள். கணக்கு வெகுவாகச் சுருங்கியது. வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-இலேயே இதே போன்ற வழியைக் கண்டிருந்தார்கள். ஆனாலும் எக்ஸ் கதிர்ப் படங்களுக்கு அதைக் கொண்டுவந்ததில் இந்த இருவருக்கும் முக்கியப் பங்கு உண்டு. பின்னால் வந்த சி.டி. இயந்திரங்கள் பல ஆண்டுகள் இந்த வகைக் கணக்கில்தான் ஓடின.

1979-இல் மருத்துவ நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மாக்குக்கும் போனது. 2001-இல் காலமான ராமச்சந்திரனை அறிவியல் உலகம் அதிகம் நினைவில் வைத்திருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் கொலாஜன் புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்ததற்காக. தாராவியின் பட்டறைகளில் பையாகவும் பெல்ட்டாகவும் மாறும் தோலின் மூலப்பொருள் அந்தப் புரதம்தான்.

மண்டை ஓட்டோடு வேலை முடிவதில்லை. மூளை இரத்தக்குழாய் வீங்கியவருக்கு எலும்பை நீக்கிவிட்டுக் குழாய்களை மட்டும் காட்ட வேண்டும். எலும்பை ஒட்டிய வீக்கம் என்றால், எலும்போடு சேர்ந்து அதுவும் வெட்டுப்பட்டுப் போகலாம். வாய்ப்புற்றுநோய்க்குத் தாடை எலும்பை அகற்றி, கால் எலும்பைக் கொண்டு புதுத் தாடை அமைக்கும் அறுவை சிகிச்சைக்கு, எங்கே எந்தக் கோணத்தில் வெட்டுவது என்று முன்கூட்டியே திட்டமிட இந்தப் படங்கள் உதவுகின்றன. படத்தில் ஏற்படும் தவறு கத்தி வரை போகும். இப்போது எலும்பையும் குழாயையும் தானே பிரிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. வேகம் கூடியிருக்கிறது. பிரித்தது சரியா என்று பார்க்கும் கண்ணின் தேவை குறையவில்லை.

கண்காணிப்பு ஒரு பக்கம் கறாராகவே இருக்கிறது. செம்பூரை அடுத்த அணுசக்தி நகரில் இயங்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் இந்தியாவில் சி.டி. இயந்திரத்தை இயக்க முடியாது. தொழில்நுட்பரின் உடலில் சேரும் கதிர்வீச்சு ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. சட்டைப் பையில் குத்திய பட்டை அதை அளந்துகொண்டே இருக்கும். ஆனால் படம் செய்யும் திறமையை எந்தப் பட்டையும் அளப்பதில்லை. ஆறு மாதச் சான்றிதழோடு வந்தவரும் பட்டப்படிப்பு முடித்தவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்த காலம் நீண்டது. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம், கதிர்ப்படத் தொழில்நுட்பர்களையும் பதிவு பெற வேண்டிய தொழிலாளர் பட்டியலில் சேர்த்தது. படிப்புக்கும் தேர்வுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பது அதன் நோக்கம்.

மாலையில் அறிக்கை வருகிறது. காதுக்கு மேல் மெல்லிய எலும்பு முறிவு, உள்ளே இரத்தக்கசிவு இல்லை, ஓரிரு நாள் கண்காணிப்பில் வைக்கவும். கீழே மருத்துவரின் கையெழுத்து. இணைத்த படத்தில் குழந்தையின் பெயர், வயது, தேதி எல்லாம் இருக்கின்றன. படத்தைச் செய்தவர் பெயருக்கு அதில் இடம் இல்லை. அவர் ஏற்கெனவே அடுத்த நோயாளியின் இரத்தக்குழாயைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார்.

வெளியே தந்தை உறையை இடுக்கிக்கொண்டு ஊருக்கு போன் போடுகிறார்.

"ஓட்டை இல்லையாம்மா. கீறல்தானாம்."