டிஃப்ராக் செய்யுமுன் ஒரு பிரதி எடுங்கள்

கணினி மெதுவாக வேலை செய்கிறது என்று நமது ஊரில் யாரிடம் சொன்னாலும், "டிஃப்ராக் பண்ணிப் பாருங்க" என்பதுதான் முதல் பதில். கல்முனையில் என் அயலவர் ஒருவரும் பழைய கணினியோடு வந்து, "தம்பி, ஒரு டிஃப்ராக் போட்டுத் தாங்க" என்றார். இது எப்போது சரி, எப்போது பிழை என்பதை விளக்கவே எழுதுகிறேன்.

வன்தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழலும். அதன்மேல் ஒரு சிறிய தலை நகர்ந்து தரவுகளை வாசிக்கும். நாம் கோப்புகளை அழித்தும் சேர்த்தும் வரும்போது, ஒரே கோப்பு துண்டு துண்டாகப் பல இடங்களில் பதியும். மீனுக்குச் சாய்ந்தமருது, அரிசிக்குச் சம்மாந்துறை, சாரத்துக்கு மருதமுனை என்று நாம் அலைவதுபோல அந்தத் தலையும் அலையும். துண்டுகளை அருகருகே அடுக்குவதே டிஃப்ராக்.

எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, தலையும் இல்லை. துண்டுகள் எங்கே கிடந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அதில் எழுதும் தடவைகளுக்கு எல்லை உண்டு. அடிக்கடி டிஃப்ராக் செய்தால் ஆயுள்தான் குறையும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஆப்டிமைஸ்' வசதி தட்டின் வகையைப் பார்த்தே வேலை செய்கிறது. வன்தட்டை அடுக்கும்; எஸ்.எஸ்.டி.க்கோ, அழித்த கோப்புகளின் இடத்தை விடுவிக்கும் 'ட்ரிம்' கட்டளையை அனுப்பும். வழமையாக வாரம் ஒருமுறை இது தானாகவே நடக்கும். தனி மென்பொருளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

அயலவருடையது வன்தட்டு. இயக்கியதும் 'டிக், டிக்' என்ற சத்தம். அது தட்டு சாகப்போவதன் அறிகுறி. டிஃப்ராக் ஏராளமான தரவை வாசித்துத் திரும்ப எழுதுவதால், பழுதான தட்டை அது விரைவாகக் கொன்றுவிடும்.

"உள்ளே என்ன இருக்கு நானா?" என்று கேட்டேன்.

"வாப்பாட படங்கள்" என்றார்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் வாப்பாவும் போனார், வீட்டு அல்பங்களும் போயின. வெளிநாட்டு உறவினர் ஸ்கேன் செய்து அனுப்பிய படங்களே மிச்சம். வேறு பிரதி இல்லை.

டிஃப்ராக்கைத் தொடாமல் முதலில் படங்களைப் பிரதி எடுத்தோம். விடியும்வரை ஆனது. மறுநாள் அந்தத் தட்டைக் கணினி அடையாளமே காணவில்லை.

ஆகவே முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். 'ஆப்டிமைஸ்' பக்கத்தில் தட்டின் வகையைப் பாருங்கள். எதைச் செய்வதானாலும் முன்னர் பிரதி எடுங்கள். கடற்கரையில் வாழும் நாம், ஒரு பிரதியைக் கரைக்குத் தூரமான உறவினர் வீட்டிலும் வைப்பது நல்லது.