மும்பை வழியாக காம்ரேட்ஸ்

காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட பீட்டர்மரிட்ஸ்பர்க். 1860 முதல் தமிழர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போய் இறங்கிய டர்பன். தென்னாப்பிரிக்காவின் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள மலைச்சாலையில் ஆண்டுதோறும் நடக்கிறது காம்ரேட்ஸ் அல்ட்ரா மாரத்தான். முதல் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக, போருக்குப் போய்த் திரும்பிய விக் கிளாப்பம் 1921 மே 24 அன்று இதைத் தொடங்கிவைத்தார். அன்று புறப்பட்டவர்கள் 34 பேர், முடித்தவர்கள் 16 பேர். இன்று ஆயிரக்கணக்கானோர் ஓடுகிறார்கள். இந்தியாவிலிருந்தே நூற்றுக்கணக்கானோர் போகிறார்கள். தூரம் 90 கி.மீ.யை ஒட்டி வரும், கெடு 12 மணி நேரம். கெடு முடியும் கணத்தில், ஓடிவருபவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஒருவர் துப்பாக்கியால் சுடுவார். ஒரு விநாடி பிந்தினாலும் பதக்கம் கிடையாது.

இதில் ஓட வேண்டுமானால் முதலில் ஒரு முழு மாரத்தானை, அதாவது 42.2 கி.மீ.யை, 4 மணி 50 நிமிடத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும். நம்மவர்கள் பலர் இதற்கு நம்பியிருப்பது ஜனவரியில் நடக்கும் மும்பை மாரத்தானை. காம்ரேட்ஸ் பெரும்பாலும் ஜூனில் வரும்; நடுவே ஐந்து மாதம். தகுதி நேரம் கிடைத்ததோடு மும்பையின் வேலை முடிந்தது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் தங்கள் வாழ்நாள் சாதனையை அங்கேயே படைத்துவிடத் துடிக்கிறார்கள். இரண்டுமே நஷ்டம் என்பேன். நான்கு மணி நேரத்தில் முடிக்கக்கூடியவர் நாலரை மணி நேரம் எடுத்துக்கொண்டு, கி.மீ.க்கு 6 நிமிடம் 24 விநாடி என்று ஓடட்டும். தகுதியும் கைக்கு வரும், ஜூனுக்கு வேண்டிய உடலும் அன்றைக்கே உருவாகத் தொடங்கும்.

உடலின் எரிபொருள் கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு கி.மீ. ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு மாரத்தானுக்குச் சுமார் 3,000, காம்ரேட்ஸுக்கு 6,000க்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தோ 2,000 அளவில் தீர்ந்துபோகும். கொழுப்பு அப்படியல்ல; பத்து கிலோ கொழுப்பில் 70,000 கிலோகலோரிக்கு மேல் இருக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். வேகம் கூடக்கூட உடல் கிளைக்கோஜனையே கேட்கும். வேகத்தைக் குறைத்தால் கொழுப்பின் பங்கு ஏறும். மணிக்கணக்கில் மிதமாக ஓடும்போது தசை செல்களில் மைட்டோகாண்ட்ரியாவும் நுண் ரத்தக்குழாய்களும் பெருகுவதற்கான தூண்டுதல் கிடைக்கிறது. கொழுப்பை எரிக்கும் திறன் வளர்வது இப்படித்தான்.

வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும். குளுக்கோஸை மட்டும் சாப்பிட்டால் மணிக்கு 60 கிராம் வரைதான் குடல் உறிஞ்சும். ஃபிரக்டோஸ் வேறு வாசல் வழியாகப் போவதால், இரண்டும் கலந்தால் 90 கிராம் வரை போகலாம். ஓடிக்கொண்டே இவ்வளவு சாப்பிடப் பழகாத வயிறு புரட்டும், வாந்தி வரும். மும்பையில் முழு வேகத்தில் ஓடுபவருக்கு இதைச் சோதித்துப் பார்க்க ஏது அவகாசம்?

தண்ணீரில் எச்சரிக்கை தேவை. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் சரிந்து, மூளை வீங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். தொலைதூர ஓட்டக்காரர்களிடம் இதை 1980களிலேயே கண்டு எழுதியவர் கேப் டவுன் விஞ்ஞானி டிம் நோக்ஸ். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களிடம் இது கூடுதலாகத் தெரிந்தது. மெதுவாக ஓடினால் குடிப்பதற்கு நேரம் அதிகம், அவ்வளவுதான். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

என்னைப் பெரிதும் ஈர்ப்பது கால் தசையின் கதை. பாதம் தரையில் படும்போதெல்லாம் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையை இழுத்துப் பிடிக்கிறது. இறக்கத்தில் இந்தச் சுமை இன்னும் கூடும். தசையிழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழும், கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் கசியும். மாரத்தானுக்கு மறுநாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஏறும்போது அவர்களுக்கு அவ்வளவு வலி இருக்காது. இறங்கும்போதுதான் உயிர் போகும். வியப்பு என்னவென்றால், ஒருமுறை இப்படி அடிபட்டு ஆறிய தசை, அதே வேலையை அடுத்த முறை செய்யும்போது மிகக் குறைவாகவே சேதமடைகிறது. இணைப்புத் திசு இறுகுகிறது, சுமையைக் கூடுதல் இழைகளுக்குப் பகிர்ந்துவிட நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. இந்தக் காப்பு வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் நிற்கிறது. காப்பு கிடைக்க, தசையை நாசமாக்கும் அளவுக்கு ஓட வேண்டியதில்லை. மிதமான சேதமே போதும். முழு வேகத்தில் ஓடியவர் இரண்டு மூன்று வாரம் முடங்கும்போது, அடக்கி ஓடியவர் ஒரு வாரத்திலேயே பயிற்சிக்குத் திரும்பலாம்.

ஆனால் அடக்கி ஓடுவது பெரிய நகரத்தில் லேசுப்பட்ட காரியமில்லை. விடியற்காலைக் குளிர்ச்சி, முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கில் ஆட்கள், தெருவோரம் நின்று ஆரஞ்சுச் சுளையும் பிஸ்கட்டும் நீட்டும் குழந்தைகள், இடைவிடாத மேளம். இந்த உற்சாகத்தில் உழைப்பின் கடுமை உறைக்காது. கால் தானாக முந்தும். அதற்கான விலையை 35 கி.மீ.யைத் தாண்டி, வெயில் ஏறிய பிறகு வரும் பெடர் ரோடு ஏற்றத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த ஏற்றத்தை நிதானமாக நடந்து கடந்தாலும் குற்றமில்லை. காம்ரேட்ஸ் மலைகளில் பெரும்பாலோர் நடக்கத்தான் செய்கிறார்கள்.

மும்பையால் கற்றுத்தர முடியாத ஒன்றும் உண்டு. பீட்டர்மரிட்ஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓட்டத்தின் திசை மாறிமாறி வரும்; அங்கிருந்து டர்பனுக்கு ஓடும் ஆண்டில், கால்கள் ஏற்கெனவே ஓய்ந்துபோன நிலையில் ஃபீல்ட்ஸ் ஹில் என்ற மூன்று கி.மீ. செங்குத்து இறக்கம் வரும். அதன்பின் இன்னும் 20 கி.மீ. அளவுக்குப் பாக்கி. கடற்கரைச் சாலைகளில் பழகிய தொடைக்கு இது புதிது. ஆகவே பிப்ரவரி கடந்ததும் ஏற்காட்டுக்கோ, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கோ போக வேண்டும். பஸ்ஸில் மேலே ஏறிவிட்டு, ஓடி இறங்க வேண்டும். முதல் முறை கொஞ்ச தூரம் போதும். இரண்டு வாரம் விட்டு, தூரத்தைக் கூட்டி மீண்டும் இறங்கலாம். கடைசி இறக்கப் பயிற்சிக்கும் காம்ரேட்ஸுக்கும் நடுவே மூன்று வாரமாவது இருக்கட்டும்.