சென்னையில் தூங்கத் தெரிந்த கிழங்குகள்

மார்கழி பிறந்தால் சென்னை நர்சரிகளில் டேலியா தொட்டிகள் வந்து இறங்கிவிடும். கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்காவின் மலர்க் கண்காட்சிக்கு ஊட்டி, கொடைக்கானல் பக்கமிருந்து செடிகள் வருவதுபோல, இவற்றிலும் பல குளுமையான ஊர்களில் வளர்ந்து லாரியேறி வந்தவைதான். மாசி வரை பூக்கும். பங்குனி வெயில் ஏறியதும் இலை ஓரம் கருகும், தண்டு சாயும். செடி செத்துப்போச்சு என்று தொட்டியைக் குப்பையில் கவிழ்த்துவிடுகிறோம். அந்த மண்ணைக் கையால் உதிர்த்துப் பார்த்தால், காய்ந்த தண்டின் அடியில் விரல் விரலாகக் கிழங்குகள் தொங்கும். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருக்கும். செடி சாகவில்லை, தூங்கப் போயிருக்கிறது. அடுத்த மார்கழி வரை அதன் தூக்கத்தைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி.

கண் எங்கே இருக்கிறது?

உருளைக்கிழங்கு என்பது மண்ணுக்குள் பருத்த தண்டு. அதனால்தான் அதன் உடம்பெல்லாம் கண். டேலியாக் கிழங்கு பருத்த வேர். அதன் உடம்பில் கண் கிடையாது. முளைக்கும் மொட்டுகள் எல்லாம் கிழங்கும் தண்டும் சேரும் இடத்தில், பழைய தண்டின் அடியில்தான் இருக்கின்றன. கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. எனவே பிரிக்கும்போது ஒவ்வொரு கிழங்கோடும் அடித்தண்டின் ஒரு சில்லு ஒட்டியிருக்கும்படி வெட்ட வேண்டும். கண் எதுவென்று தெரியாவிட்டால் கொத்தாகவே எடுத்து வையுங்கள். முளை தலைகாட்டிய பிறகு வெட்டினால் போதும்.

டேலியாவின் சொந்த ஊர் மெக்ஸிகோ, மத்திய அமெரிக்க மலைச்சரிவுகள். மெக்ஸிகோ 1963இல் இதைத் தன் தேசிய மலராக அறிவித்தது. ஸ்பெயின் போய்ச் சேர்ந்த விதைகளிலிருந்து மாட்ரிட் தாவரவியல் பூங்காவில் வளர்ந்த செடிக்கு, 1791இல் கவானில்லெஸ் என்ற தாவரவியலாளர் சுவீடனின் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டால் நினைவாகப் பெயர் சூட்டினார். ஐரோப்பாவில் உறைபனி விழுந்தால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போகும். அதனால் அங்கே பனிக்காலத்துக்கு முன்பே தோண்டி எடுத்து வைக்கிறார்கள். தோட்டக்கலைப் புத்தகங்களில் இந்தப் பழக்கமே விதியாகிவிட்டது. ஆனால் மெக்ஸிகோ மலைகளில் இந்தக் கிழங்கு பனிக்குப் பயந்து தூங்கவில்லை. அங்கே கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி. மழை நின்று, பகல் 12 மணி நேரத்துக்கும் கீழே குறுகும்போது செடி தன் சத்தைக் கிழங்கில் இறக்கிவிட்டு ஒடுங்கும். அது பழகிய தூக்கம் வறண்ட, குளுமையான மண்ணில். சென்னை தருவதோ சூட்டில் ஒரு தூக்கம், அது முடிவதற்குள் பெருமழை.

பரணும் ஃபிரிட்ஜும்

தூங்கும் கிழங்கும் மூச்சு விடுகிறது. சேமித்த சத்தை மெல்ல மெல்ல எரித்துத்தான் அது உயிரோடிருக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தச் சுவாசம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தாவரவியலாளர்களின் தோராயக் கணக்கு. அப்படியானால் 5 டிகிரியில் இருக்கும் கிழங்கைவிட 35 டிகிரியில் இருக்கும் கிழங்கு எட்டு மடங்கு வேகமாகத் தன் கையிருப்பைத் தின்று தீர்க்கும். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக்குக் கீழேயுள்ள பரணில் ஒரு மாதம் கிடப்பது, ஃபிரிட்ஜில் எட்டு மாதம் கிடப்பதற்குச் சமம். ஆவணியில் பையைத் திறந்தால் சுருங்கிய தோல் மட்டும் மிஞ்சுவது இதனால்தான்.

ஆகவே சென்னைக்காரருக்கு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டுதான் நல்ல இடம். தண்டு காய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, இரண்டு வாரம் கழித்துத் தோண்டுங்கள். வெட்டுக்காயம் நிழலில் இரண்டொரு நாள் ஆறட்டும். பிறகு பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமுள்ள தென்னை நார்த்தூளில் புதைத்து, துளையிட்ட கவரில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். சுருங்கியிருந்தால் லேசாக நீர் தெளிப்பதும், அழுகல் தெரிந்தால் அதை மட்டும் வெட்டி எறிவதும்தான் வேலை. ஐப்பசியில் வெளியே எடுத்து, மழை படாத இடத்தில் முளைக்க விட்டு, கனமழை ஓய்ந்த பிறகு தொட்டிக்கு மாற்றலாம். ஒரே கிழங்கில் நாலைந்து முளை வந்தால், விரல் நீளம் வளர்ந்ததும் சிலவற்றைக் கிள்ளி மணலில் ஊன்றினால் அவையும் வேர் பிடிக்கும்.

இங்கேயே தூங்குபவை

இவ்வளவு பாடு எதற்கு என்று நினைப்பவருக்கும் கிழங்குப் பூக்கள் உண்டு. கபாலீசுவரர் கோயில் மாட வீதியில் தொடுத்து வைத்திருக்கும் சம்பங்கி மாலையைப் பாருங்கள். அந்தப் பூவுக்கும் பூர்வீகம் மெக்ஸிகோதான். இன்று சத்தியமங்கலமும் நிலக்கோட்டையும் அதன் ஊர்கள். ஆனி, ஆடியில் 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகளைத் தேர்ந்து, ஒரு சாண் இடைவெளியில், ஓரங்குல ஆழத்தில் நடுவார்கள். தோண்டிய கையோடு நடுவதில்லை. ஒரு மாதம் நிழலில் ஓய்வு கொடுத்த பிறகே மண்ணுக்குப் போகும். மரபணு ஆய்வுக்குப் பின் தாவரவியலாளர்கள் இதை ஆனைக்கற்றாழையின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். குணமும் அதுதான். ஆனைக்கற்றாழை ஒருமுறை பூத்துவிட்டுச் சாகும். சம்பங்கியிலும் ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். அடுத்த பூ பக்கத்தில் வைக்கும் குட்டிக் கிழங்குகளிலிருந்து வர வேண்டும். தொட்டியில் பூ நின்றுபோனால் உரத்தைக் கொட்டாதீர்கள். தோண்டிப் பிரித்து, பருத்த குட்டிகளை மட்டும் நடுங்கள்.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் நம் பருவத்தை அறிந்தே தூங்குகிறது. கோடையில் மேலே ஒன்றும் இராது. ஆடி, ஆவணி மழையில் முளைத்து, கார்த்திகை வாக்கில் தீக்கொழுந்தாய்ப் பூக்கும். கலப்பை வடிவில் கவைத்த கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது. எளிதில் ஒடியும் அந்த நுனி போனால் கிழங்கே வீண். ஆண்டுதோறும் பழைய கிழங்கு வற்றி, புதியது உருவாகும். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் வட்டாரங்களில் விதைக்காக இதைச் சாகுபடி செய்கிறார்கள். கீல்வாத மருந்தான கோல்சிசின் அந்த விதையிலிருந்து கிடைக்கிறது. அதே பொருள் உயிரைக் குடிக்கும் நஞ்சும்கூட. இந்தக் கிழங்கை ஃபிரிட்ஜிலோ சமையலறையிலோ வைக்கவே கூடாது. வறண்ட தொட்டி மண்ணிலேயே விட்டுவிடலாம்.

மழை லில்லிக்கு நுனி ஒடியும் கவலையும் இல்லை. வெங்காயம் போன்ற அதன் குமிழுக்குள் வறண்ட மாதங்களிலேயே மொட்டு உருவாகிக் காத்திருக்கும். நல்ல மழை நனைத்ததும் காம்பு விறுவிறுவென நீண்டு, சில நாளில் தொட்டி முழுக்கப் பூ.

டூலிப் இதற்கு நேர் எதிர். மூன்று மாதமாவது 9 டிகிரிக்குக் கீழே கிடந்தால்தான் அதன் காம்பு நீளும். 2007இல் ஸ்ரீநகரில் டூலிப் தோட்டம் திறக்க முடிந்தது குளிரின் புண்ணியம். சென்னையில் அதையும் ஃபிரிட்ஜில் வைத்து ஏமாற்றலாம், ஆனால் கூடவே ஆப்பிள் இருந்தால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். ஒருமுறை பூத்த குமிழ் இங்கே மறுபடி பூப்பதும் அரிது.

ஆன்லைனில் வண்ணப்படம் பார்த்துக் கிழங்கு வாங்குமுன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: சொந்த ஊரில் இது எதற்காகத் தூங்குகிறது? வெயில் வறட்சிக்காகத் தூங்குவது என்றால் மொட்டை மாடியில் ஓரிடம் கொடுக்கலாம். குளிருக்காக, அல்லது டேலியாபோலக் குளுமையான வறட்சிக்காக என்றால் அதற்கு ஃபிரிட்ஜில் இடம் ஒதுக்க வேண்டும், அல்லது ஒரு பருவத்துப் பூவோடு திருப்தியடைய வேண்டும்.