இணையத்தளமும் விரைந்து நீங்கும் வாசகரும்

வாயிலை அடைந்த விருந்தினர் உள்ளே புகாது திரும்புவாராயின், அதற்குக் காரணம் யாதென ஆராய்தல் இல்லத்தார் கடன். இணையத்தளம் நடத்துவோர்க்கும் இக்கடன் உண்டு. தளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் கண்டு, வேறொன்றையும் நாடாது நீங்கும் வருகைகளின் அளவை ஆங்கிலத்தார் 'பவுன்ஸ் ரேட்' என்பர். சுவரிற் பட்ட பந்து உடனே மீளுமாறு போல வாசகரும் மீளுதலின் இப்பெயர் எய்திற்று. தமிழில் அதனை மீள்வு வீதம் எனலாம். ஒரு நாளில் நிகழும் 200 வருகைகளுள் 120 ஒரே பக்கத்தோடு முடியுமாயின், மீள்வு வீதம் நூற்றுக்கு 60 ஆகும். இக்கணக்கு எளிது, அதன் பொருளை உணர்தலே அரிது.

வாசகர் விரைந்து நீங்குதற்குரிய காரணங்களுள் முதலாவது தாமதம். கணினி விடையிறுக்கும் காலத்திற்கு மூன்று எல்லைகளை ஜேக்கப் நீல்சன் என்பார் 1993 இல் வெளிவந்த தமது நூலிற் குறித்தார். 0.1 விநாடிக்குள் விடை தோன்றின் தாமதமே புலப்படாது. 1 விநாடி வரை எண்ணவோட்டம் அறுபடாது. 10 விநாடி கடப்பின் கவனம் வேறிடஞ் செல்லும். கைத்தொலைபேசியிற் படிப்போர் இத்துணைப் பொறுமையும் உடையரல்லர். பக்கம் தோன்ற 3 விநாடிக்கு மேற் செல்லின் அவர்தம் வருகைகளுள் நூற்றுக்கு 53 கைவிடப்படும் எனக் கூகுள் நிறுவனம் 2016 இல் அறிவித்தது. இரண்டாவது, தலைப்புக் கூறுவதொன்றும் உள்ளீடு கூறுவது பிறிதொன்றுமாய் அமைதல். மூன்றாவது, விளம்பரம் எழுத்தை மறைத்தலும், சிறு திரையிற் படிக்கவொண்ணாத நுண்ணெழுத்தும்.

இவை யாவும் குறைகளே. ஆயினும் நீங்குவோர் அனைவரும் மனக்குறையோடு நீங்குவாரல்லர். அகராதிப் பக்கமொன்றிற் சொல்லின் பொருளைக் கண்டவர் நாடியது பெற்றே செல்கின்றார்.

இவ்வேறுபாட்டைப் பழைய அளவுமுறை காட்டவில்லை. 2005 இல் வெளிவந்த 'கூகுள் அனலிற்றிக்ஸ்' என்னும் கருவியிற் பல்லாண்டுகள் வழங்கிய முறைப்படி, அடுத்தடுத்து இரு பக்கங்கள் திறக்கப்பட்ட நேரங்களின் வேறுபாடே வாசித்த காலமாகக் கொள்ளப்பட்டது. இரண்டாம் பக்கம் இல்லாவிடத்துக் கணக்கிடுதற்கு வழியில்லை. ஆகவே, நீண்ட கட்டுரையை இருபது நிமிடம் ஊன்றிப் படித்து நீங்கியவரும் கண்டவுடன் முகஞ்சுளித்து நீங்கியவரும் ஒருங்கே மீண்டோராக எண்ணப்பட்டனர். இருவர்க்கும் குறிக்கப்பட்ட காலம் பூச்சியமே.

2020 இல் வந்த புதிய பதிப்பு இக்குறையை ஒருவாறு நீக்கிற்று. 10 விநாடிக்கு மேல் நீடித்த வருகை, இரண்டு பக்கங்களேனும் கண்ட வருகை, தளத்தார் முதன்மையெனக் குறித்த செயல் நிகழ்ந்த வருகை ஆகியன ஈடுபாடுடையனவாம். எஞ்சியனவே மீள்வு எனப்படும். பழைய பதிப்பு 2023 யூலை 1 முதல் புதிய தரவுகளை ஏற்பதை நிறுத்தத் தொடங்கியது. ஆதலின் அதன் எண்ணையும் புதியதன் எண்ணையும் ஒப்பிடுதல் பொருந்தாது.

இதனை அறியாதார், எண்ணைக் குறைத்தலே நோக்கமாகக் கொண்டு ஒரு கட்டுரையைப் பல பக்கங்களாகத் துண்டுபடுத்துவர். எண் குறையும், வாசகர்க்கு இடர் மிகும். வெப்பமானியைக் குளிர்நீரில் அமிழ்த்திக் காய்ச்சல் தணிந்ததென மகிழ்தலை இஃது ஒக்கும். மீள்வு வீதத்தைக் காண்போர் அப்பக்கம் எதன்பொருட்டு அமைந்ததென முதற்கண் வினவுதல் வேண்டும். பல படிகளிற் பூர்த்தி செய்யவேண்டிய விண்ணப்பத்தின் முதற்பக்கத்தில் 60 என்னும் எண் கவலைக்குரியது. அகராதிப் பக்கத்தில் அதே எண் கவலைக்குரியதாகாது.