பாதிரியார் படித்தார், பேத்தி படிக்கிறாள்

பெரு முதலிய ஆண்டிஸ் மலைநாடுகளில் பேசும் கெச்சுவா மொழியின் முதல் இலக்கணம் 1560இல் ஸ்பெயினில் அச்சாயிற்று. எழுதியவர் டொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் என்ற துறவி. லத்தீனைப் போல ஒழுங்குள்ள மொழி என்று கெச்சுவாவைப் புகழ்ந்தார். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. ஆனால் லத்தீனில் இல்லாதது எதுவும் அந்தக் கண்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. கெச்சுவாவில் 'மி' என்ற ஒட்டு வந்தால், சொல்பவர் தாமே அறிந்த செய்தி. 'சி' வந்தால் கேள்விப்பட்டது. 'மழை பெய்கிறதாம்' என்று நாம் சொல்கிறோமே, அந்த 'ஆம்'தான். பழைய இலக்கணங்கள் இவற்றை அழகுக்கு வருபவை என்று ஒதுக்கின. நம் உரையாசிரியர்களும் பொருள் பிடிபடாத இடத்தில் அசைநிலை என்று எழுதித் தாண்டிப்போனவர்கள்தானே!

ஒரு விஷயத்தில் மட்டும் அப்படித் தாண்ட முடியவில்லை. ஸ்பானிஷ், கெச்சுவா, அய்மாரா மூன்று மொழிகளிலும் ஞானோபதேச நூல் ஒன்று 1584இல் லிமாவில் வெளியானது. தென் அமெரிக்காவில் அச்சான முதல் புத்தகம் அது. (நம் 'தம்பிரான் வணக்கம்' அதற்கு ஆறு வருடம் மூத்தது.) லத்தீனில் நாமும் நாங்களும் ஒன்றே. கெச்சுவாவிலோ 'ஞுகஞ்சிக்' என்றால் நாம், 'ஞுகைக்கு' என்றால் நாங்கள். பிதாவை நோக்கிச் செபிக்கும்போது அவரையும் சேர்த்து 'நம் பிதா' என்றால் கடவுளுக்கே ஒரு தகப்பன் வந்துவிடுவார். எனவே 'யாயாய்க்கு', எங்கள் பிதா. தமிழ்ச் செபமும் இந்த வழியில்தான் போனது.

அன்று கெச்சுவா படித்தவர்கள் பெரும்பாலும் பிரசங்கம் செய்ய வேண்டிய பாதிரிமார். லிமாவின் சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தில் அவர்களுக்காகவே கெச்சுவாப் பேராசிரியர் பதவி இருந்தது. 1780இல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக இரண்டாம் துபாக் அமாருவின் கிளர்ச்சி வெடித்தது. அடக்கிய அரசு மொழியின் மேலும் பாய்ந்தது. சில ஆண்டுகளில் அந்தப் பதவியும் போயிற்று.

அந்த மொழிக்குச் சொந்தம் தேடும் ஆசை மட்டும் போகவில்லை. விசென்தே பிதெல் லோபெஸ் என்ற அர்ஜென்டினா வரலாற்றாசிரியர் 1871இல் கெச்சுவாவை சமஸ்கிருதத்தோடு முடிச்சுப்போட்டு, பெருவில் ஆரியரைக் குடியேற்றிவிட்டார். இன்று அதை யாரும் ஏற்பதில்லை. தமிழருக்கும் அந்த ஆசை வரலாம். 'வாசிகுனாபி' என்றால் வீடுகளில்: வாசி வீடு, குனா கள், பி இல். வரிசைகூட மாறவில்லை. உடனே குமரிக்கண்டத்தை இழுத்துவர வேண்டாம். துருக்கியும் இப்படித்தான் ஒட்டி ஒட்டிப் பேசுகிறது. அமைப்பு ஒத்துப்போவதால் மட்டும் உறவு வந்துவிடாது. பக்கத்து வீட்டு அய்மாராவோடு ஏராளமான சொற்கள் பொது. அதையே உடன்பிறப்பு என்று உறுதியாகச் சொல்லாமல், நூற்றாண்டுக் கணக்கில் கொண்டும் கொடுத்தும் வந்த பழக்கம் என்றுதான் பலர் கருதுகிறார்கள். இன்காக்களின் குஸ்கோதான் தாய்வீடு என்ற நம்பிக்கையையும் 1960களில் மொழியியலாளர்கள் கேரி பார்க்கரும் அல்பிரெதோ தொரேரோவும் அசைத்தார்கள். மொழியின் வேர் மத்திய பெருவின் பக்கம் இருந்தது.

1975இல் பெரு கெச்சுவாவை ஆட்சிமொழியாக்கியது. 2016இல் அரசுத் தொலைக்காட்சியில் கெச்சுவாச் செய்தி வந்தது. 2019இல் அதே சான் மார்கோஸில் கெச்சுவாவிலேயே எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு அரங்கேறியது. இன்று கெச்சுவா வகுப்புக்கு வருபவர்களில் லிமாவில் பிறந்த பேரப்பிள்ளைகள் உண்டு. 1980களின் உள்நாட்டுப் போர் வன்முறைக்குத் தப்பி அயகுச்சோ மலைகளிலிருந்து அவர்களின் தாத்தா பாட்டி வந்தார்கள். நகரத்தின் கேலிக்குப் பயந்து வீட்டில் கெச்சுவாப் பேச்சு நின்றது.

இவர்களுக்குத் தொல்லை வேறு. எந்தக் கெச்சுவாவைப் படிப்பது? குஸ்கோவில் மூன்று வகைக் ககரம் கேட்கும், அயகுச்சோவில் அது இல்லை. எழுத்திலும் சண்டை. உயிரெழுத்து மூன்று போதும் என்று 1985இல் அரசு முடிவு செய்தது. ஐந்து வேண்டும் என்கிறது குஸ்கோ அகாதமி. எ, ஒ இரண்டும் தொண்டையடி ஒலியின் பக்கத்தில் இ, உ திரிந்து ஒலிப்பவைதான்; ஸ்பானிஷுக்குப் பழகிய காதுக்கே அவை தனி எழுத்தாகப் படுகின்றன. நான் மூன்றின் பக்கம். ஆனால் குஸ்கோ நகராட்சி 1990இல் ஊர்ப்பெயரை 'கொஸ்கொ' என்று மாற்றிக்கொண்டது, மூன்றுயிர்க் கணக்கில் எழுதினால் அது 'குஸ்கு'. படிக்கிற பிள்ளைகள் இரண்டையும் எழுதப் பழகிக்கொள்கிறார்கள்.